பன்னிரண்டரை அங்குலக் கை

மனோர் பார்க்
14 மே 2024

அன்புள்ள றோஸ் மச்சாளுக்கு,

கடிதம் கண்டு திடுக்கிட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிறு தொடக்கம் ஒன்பது தரம் போன் அடித்தேன், ஒன்பது தரமும் நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் தம்பியிடம், "அக்காட்டை ஒருக்கால் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினால், "நான் பஸ் ஓட்டுறவன், தபால்காரன் இல்லை" என்கிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நிர்மலன் எனக்குத் தந்த ஒரே யோசனை அதுதான். ஆகவே தபாலில் வருகிறேன்.

பெர்னடெற்றின் மகள் கோயிலில் முதல்நன்மை எடுத்த விருந்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தை எழுதுகிறேன். புரியாணிக் கிடாரம் நிலத்தில் இருந்தது. அதை மேசைக்கு ஏற்றுவது எப்படி என்று நாலு ஆம்பிளைகள் சுற்றி நின்று கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பசியில் நின்றார்கள். நான் முழங்காலை மடித்துக் குனிந்தேன், முதுகையும் நாரியையும் நேராக வைத்தேன், தூக்கி மேசையில் வைத்தேன். கிடாரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் தைத்த பிளவுஸின் வலது கைதான் டர்ரென்று பிளந்துகொண்டது.

ஹோலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு ஆம்பிளைக் கை வந்திட்டுது, அதுக்கு நான் என்ன செய்யிறது" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னீர்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கையில பிழை இல்லை மச்சாள், உங்கட அளவுக் கொப்பியிலதான் பிழை" என்றேன். அங்கே நின்ற பெண்களில் பாதிப்பேர் உங்களிடம் தைக்கிறவர்கள் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் துணி தந்த அன்று அளவெடுங்கள் என்று சொன்னேனா இல்லையா? "உன்ர கை பன்னிரண்டரை, எனக்குத் தெரியாதே?" என்று கொப்பியைக்கூடத் திறக்கவில்லை. அது 2004 இல் எடுத்த அளவு. இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்தேன் அல்லவா, அப்போது எடுத்த ஸ்கானில் எலும்பு தேயத் தொடங்கிவிட்டது என்றார்கள். பாரம் தூக்கிப் பழகு என்று சொன்னது டொக்டர். நானாகத் தேடிப் போன பைத்தியம் இல்லை இது.

பிளவுஸை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட்டில் எங்கள் பங்குத் திருநாளுக்கு அதைத்தான் போட ஆசை. சரிப்படுத்தித் தருவீர்களா?

அன்புடன்,
துசி

*

இயேசு மரி சூசை

ரெய்னர்ஸ் லேன்
20 மே 2024

துசியந்திக்கு,

நீ நலமா என்று கேட்கவில்லை. ஹோலில் கண்டது போதும்.

பிளவுஸைத் திருப்பி அனுப்புகிறேன். நான் அதில் ஊசி வைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார். தையல் பிரியவில்லை, துணிதான் கிழிந்திருக்கிறது. என் நூல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் தைக்கிறேன், என் தையல் பிரிந்தது என்று ஒருத்தி சொன்னதில்லை. நீ சொன்ன பிறகு இந்தக் கிழமை இரண்டு பேர் தந்த துணியைத் திருப்பிக் கேட்டார்கள். பெர்னடெற் வந்து, "உங்கட மச்சாள் சதை வைக்க ஊசி கீசி போடுறாவோ?" என்று மெல்லமாய்க் கேட்கிறாள். எனக்கு முகம் வைக்க இடமில்லை.

எலும்புக்கு டொக்டர் சொன்னால் பால் குடி, நெத்தலி சாப்பிடு, நட. பாரம் தூக்கு என்றால் கடைப் பையைத்தான் சொல்லியிருப்பார்கள். பெண்பிள்ளையின் உடம்பு பாரத்துக்கு ஆனதில்லை. நாரி போகும். கருப்பை இறங்கும். தோள் அகன்று, சாறி கட்டினால் அலுமாரிக்குத் துணி போர்த்தது போல இருக்கும். ஒரு நாள் நிற்பாட்டினாயோ, அந்தச் சதை முழுக்கக் கொழுப்பாய் மாறும். நீ ஐம்பத்தொரு வயதுக்காரி, உன் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கிறான், நீ எக்கேடாவது கெடு.

கோசிகாவை விடு. அன்று நீ கிழிந்த கையோடு நிற்க அவள் சிரித்துச் சிரித்து, "அம்மா, நானும் மாமியோட ஜிம்முக்குப் போறனான்" என்று சொன்னாள். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். ஒரு பிள்ளைக்காக நான் எத்தனை நவநாள் செபம் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் பாரம் தூக்கக்கூடாது. இதில் பேச்சு வேண்டாம்.

றோஸ்மலர்

*

மனோர் பார்க்
26 மே 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

முதலில் ஊசி விஷயம். நான் போடுகிற ஒரே ஊசி ஃபுளூ ஊசி. அதையும் வேலையிடத்தில் ஓசியில் போடுகிறார்கள். பெர்னடெற்றிடம் சொல்லிவிடுங்கள்.

சதை கொழுப்பாக மாறாது மச்சாள். உருளைக்கிழங்கைக் கவனிக்காமல் விட்டால் வாடும், கத்தரிக்காயாக மாறுமா? கருப்பை இறங்குவது பற்றி நானும் பயந்தேன், சிரிக்கவில்லை. பிசியோ செய்கிற பிள்ளையிடம் கேட்டேன். மூச்சை அடக்கி முக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, அடிவயிறு இறங்குவது போல இருந்தால் நிற்பாட்டிவிட்டு வந்து சொல் என்றாள். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் செய்கிறேன், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு ஷிப்டில் எத்தனை பேரைப் புரட்டி, நிமிர்த்தி, கதிரையில் இருத்துகிறேன் தெரியுமா? பதினாறு வருஷத்தில் ஒருவரும் என் கருப்பையைப் பற்றிக் கவலைப்படவில்லை. சம்பளத்துக்குத் தூக்கினால் ஒன்றுமில்லை, எனக்காகத் தூக்கினால்தான் ஊர் பதறுகிறது.

முதல் நாளை உங்களுக்கு எழுத வேண்டும். ஜிம் றெயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே றெயில் போனால் சுவர் அதிரும். கோச் என் கையில் வெறும் இரும்புப் பாரைத் தந்தாள், தட்டு ஒன்றும் போடவில்லை. அதுவே இருபது கிலோ. எனக்கு முழங்கால் நடுங்கியது. பக்கத்தில் பள்ளிக்கூடப் பெட்டை ஒருத்தி அதை விளக்குமாறு மாதிரிச் சுழற்றிக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் கழிவறைக்குள் போய் அழுதேன். போன மாதம் நிலத்திலிருந்து எண்பத்திரண்டு கிலோ தூக்கினேன். உங்கள் தம்பியின் நிறை எண்பது. வீட்டில் வந்து சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் குப்பை வாளியை வெளியே வைத்தார்.

எனக்குப் பயம் போய்விட்டது மச்சாள். அதுதான் உண்மை. மணிக்கட்டு முறிந்த பிறகு படியில் இறங்கவே கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவள் நான். இப்போது பஸ் ஓடும்போதே எழுந்து நிற்கிறேன்.

பிளவுஸ் விஷயத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அன்று காலை போட்டபோதே கை இறுகியது. உங்களுக்கு மனம் நோகும் என்று சொல்லாமல் போட்டுக்கொண்டு வந்தேன். நூலில் பிழை இல்லை, கொப்பியில் பாதி, என்னில் பாதி. துணியைத் திருப்பிக் கேட்ட அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு, பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். என் கையில் கூடியது முழுக்கத் தசை என்று பீற்றவும் இல்லை. நிர்மலன் வேலை முடிந்து வாங்கி வருகிற ரோல்ஸுக்கும் அதில் பங்கு உண்டு.

கோசிகாவைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதவில்லை. அவளிடம் நீங்களே பேசுங்கள்.

அன்புடன்,
துசி

*

இயேசு மரி சூசை

ரெய்னர்ஸ் லேன்
18 யூன் 2024

துசியந்திக்கு,

நேற்று கோசிகாவும் கிருசாந்தனும் வந்தார்கள். கையில் ஸ்கான் படம். பன்னிரண்டு கிழமை, மூன்று மாதம் ஆகப் போகிறது. நான் முழங்காலில் நின்று மாதாவுக்கு நன்றி சொன்னேன். எழும்பி, "முதல்ல யாருக்குச் சொன்னனீங்கள்?" என்று சும்மா கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்தாள். மருமகன் உண்மையைச் சொன்னான். உனக்கு ஏழாம் கிழமையிலேயே தெரியும்.

பெற்றவள் நான். நீ எனக்கு உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் எழுதி அனுப்பிய அன்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என் மகளைப் பாரம் தூக்க விட்டிருக்கிறாய். இன்னும் தூக்குகிறாள். "மிட்வைஃப் ஓம் எண்டவ அம்மா" என்கிறாள். அந்த மருத்துவிச்சிக்கு என்ன, அவளுடைய பேரப்பிள்ளையா?

ஒரே சொல். அவளை நிற்பாட்டு. உன் சொல்லைத்தான் கேட்கிறாள். அவள் நிற்பாட்டும் வரைக்கும் என் வீட்டுப் படி ஏறாதே. அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், இந்தப் பிறவியில் உன் முகத்தில் முழிக்கமாட்டேன்.

றோஸ்மலர்

*

மனோர் பார்க்
21 யூன் 2024

மச்சாள்,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இந்தத் தரம் பகிடி வரவில்லை.

கோசிகா என்னிடம் செல்லமாக வந்து சொல்லவில்லை. ஜிம்மில் கோச்சுக்குச் சொல்லியே ஆகவேண்டும், அப்போது நான் பக்கத்தில் நின்றேன். "அம்மாவுக்கு ஸ்கான் முடியச் சொல்லுவம் மாமி, அதுக்கு முதல் ஏதும் நடந்தால் அவ தாங்கமாட்டா" என்று என் கையைப் பிடித்தாள். சத்தியம் செய்துவிட்டேன். உங்களுக்கு எழுதும்போது பேனை அந்த இடத்தில் எத்தனை தரம் நின்றது என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் இப்போது தூக்குவது முந்தித் தூக்கியதில் பாதிக்கும் குறைவு. முன்பே பழகியவள் என்றபடியால், களைக்காமல், மூச்சு அடக்காமல், லேசாகச் செய்யலாம் என்று மிட்வைஃப் சொல்லியிருக்கிறா. நோவோ இரத்தமோ தலைச்சுற்றோ வந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறா. இதில் நான் நிற்பாட்டவோ தொடரச் சொல்லவோ என்ன இருக்கிறது? அது அவளுடைய உடம்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் பயந்த ஆள் இல்லை. கடலால் வந்தவர்கள், இரண்டு பிள்ளைகளைப் போல மெஷினையும் மகளையும் காவிக்கொண்டு இந்த ஊரில் நாலு வீடு மாறியவர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி நடுங்குகிறீர்கள்? நிர்மலனிடம் கேட்டேன். "அது அக்காட விஷயம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

துசி

*

இயேசு மரி சூசை

ரெய்னர்ஸ் லேன்
3 யூலை 2024

துசி,

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நீ கோசிகாவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கக் கதிரையில் இருந்தாய். நான் இந்தப் பக்கம் செபமாலையோடு இருந்தேன். இரண்டரை மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கடைசியாக ஜிம்முக்குப் போய் எட்டு நாள் ஆன பிறகுதான் இரத்தம் கண்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைச் சபித்தேன். பிறகு அந்த டொக்டர் வந்து, பிள்ளையின் இதயம் நல்லாய் அடிக்கிறது, இப்படிக் கொஞ்சம் இரத்தம் படுவது பலருக்கும் நடக்கிறது என்றார். நீ முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மியதைக் கண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

கோசிகா என் முதல் பிள்ளை இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரை விட்டு மடுக் கோயில் அகதி முகாமுக்கு ஓடியபோது எனக்கு மூன்றாம் மாதம். என் புருஷன் றெஜினோல்ட் விறகு தேடிப் போயிருந்தார். நிவாரண அரிசி கொடுக்கிறார்கள் என்றார்கள். வரிசையில் நின்று ஒரு மூட்டை வாங்கினேன், இருபத்தைந்து கிலோ. விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடப் போனால் மூட்டை இருக்காது. தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கொட்டில் வரைக்கும் நடந்தேன். அரை மைல் இருக்கும். மூன்றாம் நாள் எல்லாம் போய்விட்டது.

அங்கே டொக்டர் எங்கே? றெஜியின் அம்மா, மாமிதான் பார்த்தா. பார்த்துவிட்டு வெளியே போய், எல்லாரும் கேட்க, "பாரம் தூக்கிப் பிள்ளையைக் கரைச்சுப்போட்டாள்" என்றா. றெஜி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அரிசியைத்தான் எல்லாரும் இரண்டு கிழமை சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

கோசிகா வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் நான் ஒரு வாளி தண்ணீர் தூக்கவில்லை. அவள் பத்திரமாகப் பிறந்தாள். அப்போ அது என் பிழைதான் என்று உறுதியாகிவிட்டது அல்லவா? முப்பத்துநாலு வருஷம். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை. நிர்மலன் அப்போது பெடியன், கொட்டிலுக்கு வெளியே நின்றவன். அவனுக்குத் தெரியும்.

ஹோலில் நீ அந்தக் கிடாரத்தைத் தூக்கியபோது துணி கிழிந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. உன் முகத்தைத்தான் பார்த்தேன். தூக்கிவிட்டு நீ சிரித்தாய். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

றோஸ்மலர்

*

மனோர் பார்க்
6 யூலை 2024

என் அன்பு மச்சாளுக்கு,

வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய் இறங்கினேன். இருபத்தாறு வருஷம் உங்களை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மாமி மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. செத்தவ மேல் கோபிக்கக்கூடாது என்பார்கள், நான் கோபிக்கிறேன். அந்த அரிசியைச் சாப்பிட்ட வாயால் எப்படிச் சொன்னா?

உங்கள் பிழை இல்லை என்று நான் சொல்லலாம். சொன்னால் துசி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். நான் டொக்டர் இல்லை, ஜிம்முக்குப் போகிற ஒரு கெயரர். அதனால் வேறொன்று சொல்கிறேன். பதினாறாம் திகதி கோசிகாவுக்கு மிட்வைஃப் அப்போயின்ட்மென்ட். கிருசாந்தனுக்கு அன்றைக்கு லீவு கிடைக்காது. நீங்கள் போங்கள். போய் நீங்களே கேளுங்கள். கோசிகா பாரம் தூக்கலாமா என்று கேளுங்கள். உங்களுக்கு வாய் வந்தால் மற்றதையும் கேளுங்கள்.

அவ என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன். கூடாது என்றால் கோசிகாவின் கையிலிருந்து பாரை நானே பிடுங்குவேன். நான் வரமாட்டேன். அன்றைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை, ஆனாலும் வரமாட்டேன்.

கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கிறது. படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறீர்கள், ஆகையால் கடிதத்தில்.

துசி

*

இயேசு மரி சூசை

ரெய்னர்ஸ் லேன்
17 யூலை 2024

அன்புள்ள துசிக்கு,

போனேன். மிட்வைஃப் கறுத்தப் பிள்ளை, நல்ல பொறுமை. கோசிகாவைப் பற்றிக் கேட்டேன். லேசாகத் தூக்கலாம், அவளுடைய உடம்பு சொல்வதைக் கேட்டு நடக்கட்டும், ஆனால் இரத்தம் பட்டபடியால் இன்னும் இரண்டு கிழமை பொறுக்கட்டும் என்றா. அந்த இரண்டு கிழமைக்கு நீ காவல். பிறகு நான் எழும்பவில்லை. இருபத்தைந்து வருஷமாய் இங்கே இருக்கிறேன், கவுன்சிலோடு இங்கிலீஷில் சண்டை பிடித்திருக்கிறேன். இந்தக் கதைக்கு எனக்கு ஒரு இங்கிலீஷ் சொல் வரவில்லை. கோசிகாவிடம், "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே அவவுக்குச் சொல்லு" என்றேன்.

மடு என்றேன், சொன்னாள். அரிசி மூட்டை என்றேன், சொன்னாள். மூன்றாம் மாதம் என்றேன். அவள் வாய் திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது யாற்ற கதை?" என்றாள். நான், "சொல்லு" என்றேன். அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அவ்வளவு சின்ன மாதத்தில் போகிற பிள்ளைகளில் பெரும்பாலானவை உருவாகும்போதே சரியாய் அமையாமல் போகிறவையாம். ஒரு மூட்டையைத் தூக்கியதால்தான் போனது என்று யாராலும் சொல்ல முடியாதாம். நீ கதிரையில் இருந்தாலும் அனேகமாய் அப்படித்தான் நடந்திருக்கும் என்றாள். இதை எனக்குத் தமிழில் சொன்னது என் மகள். முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய வாயால் கேட்கத்தான் இருந்ததோ என்னவோ. இரவு றெஜிக்கும் சொன்னேன். அவர், "அண்டைக்கே நான் ஒரு சொல்லுச் சொல்லியிருக்க வேணும் றோஸ்" என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான் என்றேன்.

வருகிற வழியில் கோசிகா, ஜிம்மில் வெறும் பாரே இருபது கிலோ, மாமிக்கு முதல் நாள் அதற்கே முழங்கால் நடுங்கியது என்றாள். நீயும் எழுதியிருந்தாய். அப்போது கவனிக்கவில்லை, நேற்றுத்தான் கணக்குப் பார்த்தேன். நான் தூக்கியது இருபத்தைந்து. சோறு தண்ணி இல்லாமல், செருப்பு இல்லாமல், வயிற்றில் பிள்ளையோடு, அரை மைல். உன் கோச்சிடம் கேட்டுப் பார், முதல் நாளே அப்படித் தூக்கிய ஒருத்தியை அவள் கண்டிருக்கிறாளா என்று. எனக்கும் எலும்பு ஸ்கானுக்குக் கடிதம் வந்து ஆறு மாதம், மேசை லாச்சிக்குள் கிடந்தது. போன் பண்ணித் திகதி எடுத்துவிட்டேன். மற்றதைப் பிறகு பார்ப்போம். இப்போதே கண்டதையும் கற்பனை பண்ணாதே.

கிழிந்த பிளவுஸைச் சனிக்கிழமை நீயே கொண்டு வா. தபாலில் அனுப்பாதே. அந்த மயில்நீலத்தில் மிச்சத் துணி என்னிடம் இருக்கிறது, இரண்டு கையும் புதிதாக வெட்டிப் போடலாம். மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறினால் ஒன்றே கால் மணித்தியாலம், சாட்டுச் சொல்லாதே. அளவு நாடாவை எடுத்து வைத்திருக்கிறேன். கொப்பியில் உன் பக்கத்தில் இருந்த பன்னிரண்டரையை வெட்டிவிட்டேன், புது இலக்கம் நீ வந்த பிறகுதான்.

பெரியவர்களுக்குத் தைக்கும்போது நான் உள்ளே அரை அங்குலத்துக்கு மேல் துணி விடுவதில்லை. உனக்கு இரண்டு அங்குலம் விடப்போகிறேன். வளருகிற பெட்டையளுக்கு அப்படித்தான் விடுவது.

அன்புடன்,
றோஸ் மச்சாள்